ஆண்கள் கட்டிய புடவை... அதில் தெரிந்த `பெண்மை' யாருடையது?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் தம்பி, கணவர், மாமா என யாராவது ஓர் ஆணைக் கூப்பிட்டு, `பொம்பள மாதிரி நடந்து காட்டுங்க' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் என்ன நடக்கும்? இடுப்பை ஆட்டுவார், விரலைக் கடிப்பார், தலையைக் குனிந்து நாலு அடி வைப்பார். வீடே சிரிக்கும்.

ஆனால், அதே வீட்டில் காலை எட்டு மணிக்கு எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, ஈரத் தலையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அக்காவோ அம்மாவோ அப்படி நடந்து அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். அப்படியானால் அந்த நடையை எங்கிருந்து பிடித்தார்?

நம் மேடைக்கும் சினிமாவுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. காரணம், தமிழ் மேடையில் ரொம்ப காலம் பெண்ணாக நின்றவர்கள் ஆண்கள்.

பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்வது அச்சம், நாணம், மடம் என மூன்றைத்தான். பயிர்ப்பு பிறகு வந்து சேர்ந்து, மூன்று நான்காகிவிட்டது. புத்தகத்தில் இருக்கும் நாணத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? அங்கேதான் `ஸ்திரீபார்ட்' வருகிறது. ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் மாதிரி நாடகக் கம்பெனிகளில் அதுவும் ஒரு தொழில்.

நாடகத்தில் நடிக்கும் பெண்களை ஊர் மதிக்காத காலம் அது. மேடை ஏறினாலே பெயர் கெட்டுவிடும். அதனால் பெண் வேடத்துக்குப் பையன்கள் வந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே `தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த பையன்களுக்குப் பாட்டு, வசனத்தோடு பெண்ணாக நிற்கவும் உட்காரவும் அழவும் சொல்லிக்கொடுத்தார்கள். சிவாஜி கணேசனே சிறு வயதில் மேடையில் சீதையாக நின்றவர்தான். வசனத்தில் சிங்கம்போல கர்ஜித்த குரல், முதலில் `சுவாமி' என்று குழைந்த குரல்!

இந்தப் பெண்மைக்கு ஓர் ஆயுள் இருந்தது. பையன்களுக்குக் குரல் உடையும் வயது வரும் அல்லவா? நாடகக்காரர்கள் அதை `மகரக்கட்டு' என்பார்கள். அது வந்துவிட்டால் நேற்று வரை வள்ளியாக இருந்தவனுக்கு வேடம் கிடையாது. மீசை அரும்பும் வரைக்கும்தான் பெண். நிஜப் பெண்களோ அந்த வயதில்தான் `இனி நீ வெளியே போகாதே' என்று வீட்டுக்குள் வைக்கப்பட்டார்கள்.

எல்லாமே ஆண்கள் கையில்தான் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். ராஜாவும் பெண்தான், மந்திரியும் பெண்தான். அவர் நாடகத்துக்கு ரயிலேறி வந்து கூட்டம் அம்மியது.

இனி மூன்று பேரின் கதைக்கு வருகிறேன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

முதல் ஆள் ஔவையார். நம் பாட்டிகள் சொன்ன கதையில், இளம்பெண்ணான ஔவைக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். அவள் பிள்ளையாரிடம் போய் `என் இளமையையும் அழகையும் எடுத்துக்கொள்' என்று கேட்கிறாள். கிழவியாகிறாள். அதன் பிறகுதான் ஊர் ஊராக நடக்கவும், அரசனுக்கு எதிரே நின்று பேசவும் அவளால் முடிகிறது. சின்ன வயதில் கேட்டபோது இது சாமி கதை. இப்போது, ராத்திரி ஷிப்ட் முடிந்து வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நினைத்தால் அது வேறு மாதிரி படுகிறது. தனியாக ரோட்டில் நடப்பதற்கு அவள் கொடுத்த விலை, ஊர் எதைப் பெண்மை என்று சொன்னதோ அது மொத்தமும்.

இரண்டாவது ஆள் டி.கே.சண்முகம். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர். வளர்ந்து, 1940-களில் மேடையில் ஔவையார் ஆனார். முப்பது வயதை ஒட்டிய ஆண், கூன் விழுந்த கிழவியாக! இடுப்பை ஆட்டவில்லை, வெட்கப்படவில்லை. அந்த வேடம் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அவர் `ஔவை' சண்முகம் ஆனார். பெண் வேடத்தால் வந்த பெயரை ஓர் ஆண் பட்டமாகச் சுமந்தார் என்பது இன்றைக்கு யோசித்தாலும் ஆச்சர்யம்தான். `என்னடா பொம்பள மாதிரி' என்பதைத் திட்டாக வைத்திருக்கும் ஊர் அல்லவா நம்முடையது!

மூன்றாவது கே.பி.சுந்தராம்பாள். கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அவருக்கு வயது 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். குரலும் புகழும் இருந்த இளம்பெண்ணுக்கு முதல் படம் எப்படி அமையும்? 1935-ல் வெளியான `நந்தனா'ரில் அவர் நந்தனாராகவே நடித்தார். ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்ச ரூபாய், அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. பிறகு 1953-ல் ஜெமினியின் `ஔவையார்'. விதவை, கிழவி, அடியார்... ஜோடி தேவைப்படாத வேடங்களாகவே அவர் திரை வாழ்க்கை ஓடியது. ஔவை கதையில் சொன்ன அதே விலையை இவரும் கொடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1996 தீபாவளிக்கு வந்த `அவ்வை சண்முகி'யை மட்டும் விட்டுவிட முடியுமா? மகளைப் பார்க்க முடியாமல் தவிக்கும் அப்பா, மாமியாக மாறி வேலைக்குப் போகிறார். பெயர் என்ன என்று கேட்கும்போது, சாலைப் பெயர்ப் பலகையில் இருந்த `அவ்வை சண்முகம்'தான் அவருக்குக் கைகொடுக்கிறது. சென்னையின் பழைய லாயிட்ஸ் ரோடு அது. சின்ன வயதில் டி.கே.சண்முகத்தின் நாடகக் குழுவில் இருந்தவர் கமல். குருவுக்கு அவர் வைத்த வணக்கம் அது.

படத்தில் ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் மாமியைத் துரத்தும் காட்சிகளுக்குத்தான் தியேட்டர் அதிர்ந்தது. மறுபடி பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறு. சமையல், குழந்தை, வீட்டில் உள்ளவர்களின் மனசு என்று தினமும் கவனிக்கும் வேலையெல்லாம் அந்த ஆளுக்குப் புடவை கட்டிய பிறகுதான் வருகிறது. வேட்டியிலேயே அதைச் செய்ய யாரும் தடுக்கவில்லை. டிவி காமெடி ஷோக்களில் புடவை கட்டி வரும் ஆண்கள் இந்தப் பக்கமே போவதில்லை. அவர்களிடம் இருப்பது அதே இடுப்பு, அதே நகக்கடி.

தெருக்கூத்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் துகிலுரிதலில் திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண்தான். அங்கே அச்சமும் கிடையாது, மடமும் கிடையாது. விரித்த கூந்தலோடு சபை நடுவே நின்று நியாயம் கேட்கிறாள், சபதம் போடுகிறாள். மண்தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அழுகிறார்கள், சிலருக்குச் சாமியே வந்துவிடும். புடவைக்குள் இருப்பது பக்கத்து ஊர் அண்ணன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கூத்திலும் இப்போது வேஷம் மாறுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பி.ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி எடுத்தார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, சலங்கையோடு கிறுகிறுவென்று சுற்றி ஆடுகிற ஆண் வேஷங்களையும் பிடித்துக்கொண்டார்கள். கூத்து தொடங்குவது ராத்திரி பத்து மணிக்கு மேல். முடிந்து வீடு திரும்ப, விடிந்துவிடும்.