வெரெஸ் ஊசி

காசநோயாளியின் மார்புக்குள் காற்றைச் செலுத்தவே ஹங்கேரிய மருத்துவர் யானோஷ் வெரெஸ் 1930களில் இந்த ஊசியை வடிவமைத்தார். சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு வந்தது பிறகுதான். தசையைத் துளைக்கும்போது பின்வாங்கும் மழுங்கிய உள்தண்டை, தடை நீங்கியதும் சுருள்வில் முன்னே தள்ளிக் கூர்முனையை மறைக்கிறது. ஆனால் இந்த வில்லை மட்டும் நம்ப முடியாது. அதன் 'கிளிக்' ஒலி தவறான அடுக்கிலும் கேட்கும். வயிற்றுக்குள் கரியமில வாயு புகத் தொடங்கும்போது அழுத்தமானி 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நிற்பதே வலுவான சான்று. பிறகு வயிற்றில் இடம் உண்டாக்க அழுத்தத்தை 12–15 வரை கூட்டுகிறார்கள். கண் காணாததை மானி சொல்கிறது. பார்க்காமல் குத்தலாமா என்பது நியாயமான கேள்வி. குடலும் ரத்தக்குழாயும் காயப்பட்டதுண்டு. 1971இல் மருத்துவர் ஹாசன் விவரித்த, கீறிப் பார்த்து நுழையும் முறையிலும் குடல் காயம் அறவே ஒழியவில்லை. முன்பே அறுவை கண்ட வயிறென்றால், வழக்கமான இடமான தொப்புளை விட்டு இடது விலாவுக்குக் கீழே குத்துவதுண்டு.