யார் அந்த யூதன்?

ஆய்க்குடிக் கூட்டத்தில் அன்று நமக்குக் கரவொலிக்குக் குறைவில்லை. குற்றாலத்துச் சாரல் காற்று மேடைத் துணியை அசைத்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை நம் கொடியின் கீழ் நின்று, பதவி என்ற பண்டம் கண்ணில் பட்டதும் எதிர் முகாமுக்கு ஓடிய ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. “முப்பது வெள்ளிக் காசுக்குத் தலைவனை விற்ற யூதன்!” என்றோம். கொட்டகை அதிர்ந்தது. ஓசையில் மயங்காத பேச்சாளன் உண்டா? “யூதன் புத்தி போகுமா?” என்று இன்னொன்றும் வீசினோம். அதற்கும் கரவொலி.

கூட்டம் கலைந்தபின் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தோம். பீடி சுற்றும் தோழர் ஒருவர் அருகே வந்தார். ஞாயிறு தவறாமல் தம் கோயிலுக்குப் போகிறவர்; நம் கூட்டத்துக்கும் தவறாதவர்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். காட்டிக் கொடுத்தவன் யூதன், சரி. காட்டிக் கொடுக்கப்பட்டவரு யாரு?”

கையிலிருந்த தேநீர் ஆறிற்று. விடை தெரியாத கேள்வியல்ல, தோழர்களே! தெரிந்தும் நாம் எண்ணிப் பார்க்காத கேள்வி.

ஏசு யூதர். யூதத் தாய் வயிற்றில் பிறந்து, யூத முறைப்படி எட்டாம் நாள் விருத்தசேதனம் பெற்று, யூதர் தொழுகைக் கூடத்தில் வேதம் வாசித்தவர். கடைசி இரவு அவர் சீடரோடு உண்டது பஸ்கா விருந்து என்று மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் எழுதினர். எகிப்திய அடிமைத்தளையை அறுத்ததைக் கொண்டாடும் யூதப் பண்டிகை அது. பன்னிரு சீடரும் யூதர். பவுல் யூதர். நம் நெல்லைச் சீமைக் கோயில்களில் ஒலிக்கும் ‘ஆமென்’, ‘அல்லேலூயா’, ‘ஓசன்னா’ யாவும் எபிரேயம் ஈன்ற சொற்கள். தாவீது, சாமுவேல், ஆபிரகாம் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோமே, எந்த நாட்டுப் பெயர்கள் அவை?

யூதாஸ் என்பதுகூட அந்நாளில் அங்கே நம் ஊர் முத்துவையும் மாடனையும் போல வீட்டுக்கு வீடு வழங்கிய பெயர். ஏசுவின் சகோதரர் ஒருவருக்கும் அதே பெயர் என்று மாற்கு எழுதியிருக்கிறார். தமிழ் வேதாகமம் துரோகியை யூதாஸ் என்றும் சகோதரரை யூதா என்றும் எழுதும். மூலமாகிய கிரேக்கத்தில் இரண்டும் ஒரே பெயர்தான்.

பிறகு எங்கிருந்து வந்தது பழி? சிலுவை ரோமாபுரியின் தண்டனை. தீர்ப்பளித்தவன் ரோம ஆளுநன் பிலாத்து. ஆணி அறைந்தவர்கள் ரோமப் படையாட்கள். ஆனால் அந்த ரோமாபுரியே பின்னாளில் கிறிஸ்துவத்தைத் தழுவிற்று. ஆளும் கை கழுவப்பட்டது, ஆளப்பட்டவர் தலையில் பழி விழுந்தது! பழியைத் தன் மீதும் தன் பிள்ளைகள் மீதும் கூட்டம் ஏற்றுக்கொண்டதாக மத்தேயு எழுதிய ஒற்றை வரி, நூற்றாண்டு நூற்றாண்டாகத் தலைமுறைகளைத் துரத்திற்று. அந்தியோகியாவில் 386, 387ஆம் ஆண்டுகளில் கிறிசோஸ்தோம் என்ற நாவரசர் யூதரைத் தூற்றிப் பொழிந்த பொழிவுகளைப் படித்தால், நாவன்மை எத்தனை பெரிய ஆயுதம் என்று தெரியும். (நம்மைப் போன்ற மேடைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும்!) 1215இல் ரோமத் திருச்சபையின் மாமன்றம், யூதர் தனி அடையாளம் தெரிய உடுத்த வேண்டும் என்று சட்டம் செய்தது. 1290இல் இங்கிலாந்து அவர்களை விரட்டிற்று, 1492இல் ஸ்பெயின் விரட்டிற்று. போப்பை எதிர்த்துப் புரட்சி செய்த மார்ட்டின் லூதரோ, 1543இல் யூதரின் தொழுகைக் கூடங்களைக் கொளுத்துங்கள் என்றே எழுதினார்.

எங்கோ ஐரோப்பாவில் நடந்தது, ஆய்க்குடிக்கு என்ன என்கிறீர்களா? தென்காசியில் இரயில் ஏறுங்கள். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைக் கடந்தால் கொல்லம். நம் கதையின் பாதி அங்கேதான் கிடக்கிறது.

849ஆம் ஆண்டு. தமிழும் மலையாளமும் தனித்தனி வீடு கட்டாத காலம். வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறிஸ்துவக் கோயிலுக்கு நிலமும் உரிமையும் அளித்துச் செப்பேடு வெட்டிக் கொடுத்தார். வட்டெழுத்தில் அமைந்த ஏடு. அந்தக் கோயிலின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களிடம் தரப்பட்டது. சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள்: அரபு எழுத்தில் சில, பாரசீகப் பகலவி எழுத்தில் சில, எபிரேய எழுத்தில் சில! ஏசுவின் கோயிலுக்கு எழுதிய ஏட்டில் யூதன் சாட்சி. யாரும் யாரையும் ‘கொன்றவன் குலம்’ என்று கேட்கவில்லை. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு எழுபத்திரண்டு சிறப்புரிமைகள் அளித்து இன்னொரு செப்பேடு தந்தான்.

அந்தக் கடற்கரைக்குத்தான் போர்த்துக்கீசியர் வந்தார்கள். மிளகுக்கு வந்தவர்கள் வெறுப்பையும் மூட்டையாகக் கட்டி வந்தார்கள். அவர்கள் நாட்டில் 1497இல் யூதரை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் செய்தார்கள். மதம் மாறியபின் விட்டார்களா? ‘புதுக் கிறிஸ்துவன்’ என்று பெயர் சூட்டி, பாட்டன் பூட்டன் வரை இரத்தம் தேடினார்கள். நம் முத்துக்குளித்துறைப் பரதவர் போற்றும் சவேரியாரே 1546இல் போர்த்துக்கல் மன்னனுக்குக் கடிதம் எழுதி, யூத நெறியையும் இசுலாமிய நெறியையும் மறைவாகக் கைக்கொள்வோரை விசாரிக்கக் கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். அவர் மறைந்து எட்டாண்டு கழித்து, 1560இல் மன்றம் வந்தது. நம் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, யூத வழியினர். அவர் 1568இல் இறந்தார். மறு ஆண்டு அவர் தங்கையை எரித்தனர். 1580இல் அவருடைய எலும்புகளையே தோண்டி எடுத்து எரித்தனர்! செத்தவனையும் விடாத சினம். 1662இல் கொச்சி மட்டாஞ்சேரித் தொழுகைக் கூடத்தைச் சூறையாடியதும் போர்த்துக்கீசியரே. அந்தக் கூடம் கட்ட இடம் தந்தவர் யார்? தம் அரண்மனைக்கு அருகிலேயே இடம் தந்த கொச்சி அரசர்.

இனிக் கேளுங்கள், இதை எழுதத் தூண்டிய செய்தியை.

தமிழில் முதன்முதலாகத் தமிழ் எழுத்திலேயே அச்சேறிய நூல் ‘தம்பிரான் வணக்கம்’. பதினாறே பக்கம். 1578 அக்டோபர் 20ஆம் நாள், அதே கொல்லத்தில், வெளிவந்தது. ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். 1546இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் மீனவர் நடுவே வாழ்ந்து, அவர் வாய்மொழியிலேயே தமிழ் கற்று, இலக்கணமும் எழுதியவர். 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’. ஓலையில் கிடந்த மொழியை ஈயத்தில் எழுப்பியவர்! இன்று நீங்கள் கையில் பிடித்திருக்கும் இந்த நாளேட்டுக்கு அவர்தாம் முப்பாட்டனார்.

அவர் யார் தெரியுமா? யூத வழி வந்தவர். போர்த்துக்கல்லில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். யூத இரத்தம் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பினார்கள். இடம் கொடுத்தது ஏசு சபை. அதை நிறுவிய லொயோலா, ஏசுவின் இனத்தில் பிறப்பது பெருமையே என்று கருதியவர். அவருக்குப் பின் தலைமை ஏற்ற லாயினசே யூத வழியினர்தாம். நல்லவர் இல்லாமலில்லை. ஆனால் அந்தச் சபையும் வழுக்கிற்று. 1593இல், யூத, மூர் வழியினரைச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அண்டிரிக் அடிகளார் அப்போது உயிரோடிருந்தார். எழுபதைக் கடந்த கிழவர். தமிழருக்காக நாற்பத்தேழு ஆண்டு உழைத்தவர். தாம் உழைத்த வீட்டின் வாசலில், தம் குலத்தாருக்கு இடமில்லை என்று பலகை மாட்டியதைப் பார்த்துவிட்டு, 1600இல் புன்னைக்காயலில் கண் மூடினார். அந்த விதி முற்றாக நீங்கியது எப்போது? 1946இல்! இட்லரின் இனப்படுகொலையில் அறுபது இலட்சம் யூதர் மாண்டு, சாம்பல் ஆறாத நேரத்தில்.

சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது கால்டுவெல்லும் போப்பும் வீரமாமுனிவரும் சிலையாக எழுந்தார்கள். மகிழ்ந்தோம். அண்டிரிக் அந்த வரிசையில் இல்லை.

பிறப்பைக் கேட்டு வாசலில் நிறுத்தும் வழக்கத்தைப் புரிந்துகொள்ள, பார்ப்பன அக்கிரகாரம் பார்த்த நமக்கு ஐரோப்பிய அகராதி தேவையா? நம் வடக்கன்குளத்துக்குப் போனால் போதும். 1872இல் எழுந்த மாதா கோயிலை இரண்டு காலாகப் பிரித்து, ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மறு சாதி என்று உட்கார வைத்தார்கள். 1910இல்தான் தடுப்பு தகர்ந்தது. யூத இரத்தம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாதி என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், வாக்கியம் மாறாது.

திருச்சபைகள் திருந்தியும் இருக்கின்றன. 1965 அக்டோபர் 28இல் ரோமத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் மாமன்றம், ஏசுவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பழிக்கலாகாது என்று அறிவித்தது. உலக லூத்தரன் கூட்டமைப்பு 1984இல் லூதரின் அந்தச் சொற்களைக் கைவிட்டது. தரங்கம்பாடி வழிவந்த நம் லூத்தரன் சபையும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பு. போப்பாண்டவர் திருத்திக்கொண்டார்; பகுத்தறிவு பேசும் நாம் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை! (பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் அரசு செய்வதைக் கண்டிக்கக் கூடாதா என்று கேட்பார் ஒருவர். கண்டியுங்கள். அரசைக் கண்டிப்பது ஒன்று, ஓர் இனத்தின் கருவைப் பழிப்பது வேறொன்று.)

வரும் மாதம் ஆய்க்குடியில் மறுபடியும் கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறது. ஓடிப்போனவரைப் பற்றிப் பேசத்தான் போகிறோம், சற்றும் சூடு குறையாமல். அவர் செய்த துரோகத்தை அவர் பெயர் சொல்லியே பேசுவோம். பீடித் தோழர் முன்வரிசையில் இருப்பார். ஆறிப்போன தேநீருக்குப் பதில், இந்த முறை சூடாக ஒரு கோப்பை நாம் அவருக்கு வாங்கித் தர வேண்டியிருக்கிறது.