ஃபார்மட் போடும் முன் டிஸ்க்கின் கணக்கைக் கேளுங்கள்

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயரையே கேள்விப்படாத வீட்டுக்குள்ளும் அது வந்து சேர்ந்த வட்டாரங்களில் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடக்கம். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் அதற்குக் காரணம். அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்த இந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. முதல் கட்டத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வானம் பார்த்த பூமியில் ஒரு வெள்ளாமை பொய்த்தால் அடுத்த கணினி என்ற பேச்சே எழாது. அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு, பிறகு கடைசிப் பிள்ளைக்கு. அது மெதுவானதும் கடையில் கிடைக்கும் பதில்: "பழசாயிருச்சு, ஃபார்மட் போட்டுரலாம்." நோய் என்னவென்று பார்க்காமல் கொடுக்கும் மருந்து இது. எந்த வேலை டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கணக்கைக் கணினியே காட்டும். அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறுவது பணம் கொடுப்பவரின் உரிமை.

மவுஸ் அம்பு நகரும், கிளிக் செய்தால் எதுவும் நடக்காது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் திணறுவது டிஸ்க்தான், பிராசஸர் சும்மா காத்திருக்கிறது. பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. அதன் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை நிற்க வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடப்பதை விநாடிக்கு நூறு தடவை அளவில்தான் அதனால் எடுக்க முடியும். ரேம் போதாதபோது லினக்ஸ், உடனே வேண்டாதவற்றை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்குத் தள்ளும். வேண்டும்போது திரும்ப இழுக்கும். 2 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசரைத் திறந்து நாலைந்து டேப் போட்டால் இந்தத் தள்ளலும் இழுப்பும் ஓயாது. டிஸ்க்கின் முனை தறி நாடாபோல இங்கும் அங்கும் ஓடுகிறது, துணிதான் விழுவதில்லை.

ஸ்வாப் மட்டும் காரணமல்ல. அன்றாடப் பராமரிப்பு வேலைகளை லினக்ஸ் ஆளில்லாத நேரத்துக்கு ஒதுக்கி வைக்கும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கும் வீட்டுக் கணினிக்கு அப்படியொரு நேரம் வருவதே இல்லை. விட்டுப்போன வேலைகளை அனாக்ரான் என்ற நிரல், கணினியைத் திறந்த சற்று நேரத்தில் எழுப்பிவிடும். அதே வேளையில் க்னோம் டெஸ்க்டாப்பில் டிராக்கரோ கேடிஇ-யில் பலூவோ தேடலுக்காகக் கோப்புகளைப் படிக்கத் தொடங்கும். அப்டேட்டும் வந்து சேரும். பெரிய கோப்பைப் பென் டிரைவில் ஏற்றும்போது மொத்தக் கணினியும் உறைந்து நிற்பது இன்னொரு வகை. லினக்ஸ் கெர்னலின் குறைப்பட்டியலில் 12309 என்ற எண்ணோடு பல ஆண்டுகள் புழங்கிய புகார் இந்த வகையைச் சேர்ந்ததுதான். எழுத வேண்டியதை ரேமில் குவித்து மொத்தமாகத் தள்ளுவதால், படிக்கக் காத்திருக்கும் நிரல் பின்னால் மாட்டிக்கொள்கிறது. எழுதும் வேகத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு 2017-இல் வெளியான 4.10 கெர்னலில் சேர்ந்தது. முதல் கட்டத்தில் வந்த பாஸ் பதிப்போடு நின்றுவிட்ட கணினிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.

இவற்றில் எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. டெர்மினலில் 'டாப்' என்ற கட்டளையைக் கொடுத்தால், மேல் வரிகளில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண், டிஸ்க்குக்காகக் காத்திருந்து கழிந்த நேரத்தின் சதவீதம். அது 30, 40 என்று இறங்காமல் நின்றால் சிக்கல் டிஸ்க் பக்கம் இருக்கிறது. 'ஐஓடாப்' எந்த நிரல் படிக்கிறது, எது எழுதுகிறது என்று பெயரோடு சொல்லும். டிராக்கர் என்று வந்தால் அமைப்பில் அதை நிறுத்தினால் போதும், செலவில்லை. 'விஎம்ஸ்டாட்' காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' எண்கள் விடாமல் ஓடினால் ரேம் பற்றவில்லை. ரேம் கூட்டலாம், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த டெஸ்க்டாப்புக்கு மாறலாம், ரேமிலேயே சுருக்கி வைக்கும் இசட்-ரேமை இயக்கலாம். 'ஃப்ரீ' கட்டளையில் காலியிடம் குறைவாகத் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் டிஸ்க்கின் தகவலை வைத்துக்கொள்வது லினக்ஸின் வழக்கம். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தியை.

"ஃபார்மட் போட்டதும் வேகமாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்கலாம். ஓடும்; சேர்ந்திருந்த நிரல்கள் போய்விடுகின்றன, டிஸ்க்கில் இடம் கிடைக்கிறது. ரேம் பற்றாக்குறை என்றால் பிரவுசரைத் திறந்ததும் பழைய கதை திரும்பும். டிஸ்க்கே சாகத் தொடங்கியிருந்தால் ஆபத்து பெரிது. 'ஸ்மார்ட்சிடிஎல்' தரும் அறிக்கையில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியில் பூஜ்யம் இல்லையென்றால், டிஸ்க் படிக்கத் திணறும் இடங்கள் இருக்கின்றன. அப்போது முதல் வேலை சான்றிதழ், புராஜெக்ட், படங்களை வேறிடத்தில் நகல் எடுப்பது. நகல் இல்லாமல் ஃபார்மட் போட்டால் அவை போகும். எச்சரிக்கையும் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். "சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி போட்டால் தீர்ந்ததே" என்பது பெரும்பாலும் நியாயமான யோசனை. ஆனால் காரணம் ஒரு நிரலை நிறுத்தினால் தீர்வதாக இருந்தால் அந்தப் பணம் வீண்.

சட்டம் இங்கேதான் துணைக்கு வருகிறது. இலவசமாகக் கிடைத்த பொருளுக்கு விலை கொடுக்கவில்லை என்பதால், அந்த மடிக்கணினியின் தரம் பற்றி நுகர்வோராக வழக்குப் போடுவது கடினம். அதைப் பழுதுபார்க்கக் கூலி கொடுத்த நிமிடமே நிலைமை மாறுகிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக் குறைபாடு என்பதில் கவனக்குறைவோடு, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. ரசீது தராததும், நம்பிக்கையோடு ஒப்படைத்த சொந்தத் தகவலை வெளியே விடுவதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. டிஸ்க்கைக் கழற்றிக் கொடுக்கும் வீட்டில் பெண்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன என்றால் இந்தப் பிரிவின் அருமை புரியும். பழைய டிஸ்க்கைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

"சில நூறு ரூபாய்க்கு யார் வழக்குக்கு அலைவது?" என்பதும் நியாயமான கேள்வி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவதற்குச் செலவில்லை. அதில் தீராவிட்டால், குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டுகள். இவை எல்லாவற்றுக்கும் கையில் காகிதம் வேண்டும். ஆகவே கணினியைக் கடையில் வைக்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: நகல் எடுத்த பிறகே ஃபார்மட், எது டிஸ்க்கைப் பிடித்திருந்தது என்று ரசீதில் ஒரு வரி, கழற்றிய பாகம் திரும்ப. தொழில் தெரிந்த மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரியை எழுத ஐந்து நிமிடம் போதும். நாளைக்கு அதே கணினி மறுபடி திணறினால் அவர் வேலையைக் காப்பாற்றப்போவதும் அந்த வரிதான்.