இழைப்புளிக்குப் புதுப்பிடி

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தச்சர்கள் கையாண்ட இழைப்புளிகள் பெரும்பாலும் பீச் மரத்தால் ஆனவை. அவற்றின் உடல் உறுதியாக இருப்பினும் கைப்பிடி முறிந்துவிடுவதுண்டு. புதுப்பிடி அமைப்போர் முதற்கண் உடைந்த அடித்துண்டை அகற்றுவர். பழைய விலங்குப்பசை வெப்பத்தாலும் ஈரத்தாலும் இளகுமாதலின், குழி சிதையாமல் அதனைப் பெயர்த்தெடுக்கலாம். பின்னர் முறிந்த துண்டுகளைப் பொருத்தி, அவ்வடிவை அட்டையில் வரைந்து, நன்கு உலர்ந்த பலகையில் பதிப்பர். மரத்தின் இழையோட்டம் இழைப்புளியின் அடிப்பரப்புக்கு இணையாக அமைதல் வேண்டும். செங்குத்தாக அமையின், பிடியின் பின்நோக்கி நீண்ட மேல்நுனி எளிதில் முறியும். அறுத்த பிடியை அரத்தால் உருட்டி, உள்ளங்கையை உறுத்தும் இடங்களை உப்புத்தாளால் தேய்ப்பர். குழியை அகலப்படுத்தாது, பிடியின் அடியையே குழிக்கேற்பச் செதுக்குவர். பிடியை மீண்டும் செய்துகொள்ளலாம். சிதைந்த பழைய உடலை மீட்டல் அரிது.