ஆகாயத்தாமரையில் அசுவினி

மண் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் இடமும் இல்லாத நம் ஐரோலி அடுக்கு வீடுகளில், பால்கனியின் ஓரத்தில் ஒரு தொட்டியை வைத்து நீர் நிரப்பி, அதில் ஆகாயத்தாமரையை மிதக்கவிட்டு மகிழும் அன்பர்கள் சிலர் நம் சங்கத்தில் உண்டு. ஊர்க் குளத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அத்தொட்டி ஓர் ஆறுதல். மழைக்காலம் முழுதும் பச்சைப் பட்டு விரித்தாற்போல் இருந்த இலைகள், மழை ஓய்ந்து குளிர் தலைகாட்டும் வேளையில் மஞ்சளித்துச் சுருங்கக் கண்டால், தண்ணீர் கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுவர். குற்றம் தண்ணீருடையது அன்று. இலையைச் சற்றே விலக்கி அதன் இடுக்கைப் பார்த்தால், கடுகளவே உள்ள கரும்பழுப்புப் பூச்சிகள் அப்பியிருப்பது தெரியும். அவையே அசுவினி, செடிப்பேன் என்றும் சொல்வர்.

மொச்சையிலும் ரோஜாவிலும் நாம் காணும் அசுவினிக்கு இது உறவாயினும், இதன் வழக்கம் வேறு. தண்ணீர்ச் செடிகளை நாடும் இவ்வினத்திற்கு 1761ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் பெயரிட்டார். குளிர் நாடுகளில் இது பனிக்காலத்தைப் பிளம், பீச் மரங்களில் கழித்துவிட்டுக் கோடையில் அல்லிக்கும் தாமரைக்கும் பறந்து வரும். கடுங்குளிர் அறியாத நம் பக்கத்திலோ அதற்கு ஊர் மாற வேண்டிய தேவையே இல்லை. ஆணின் துணையின்றியே பெண் பூச்சி குஞ்சுகளை ஈனும். அக்குஞ்சும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகும். கூட்டம் மிகுந்தால் சிறகு முளைத்தவை தோன்றி அடுத்த வீட்டுத் தொட்டியைத் தேடிச் செல்லும். ஆதலால் இது ஒரு வீட்டு விவகாரமாக நின்றுவிடுவதில்லை.

இனி, என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். முதன்முறை இப்பூச்சியைக் கண்டபோது, வீட்டில் கரப்பானுக்கு வைத்திருந்த மருந்தை எடுத்துத் தாராளமாக அடித்தேன். மறுநாட் காலையில் தொட்டியிலிருந்த கப்பி மீன்கள் எட்டும் வயிறு மேலாக மிதந்தன. அசுவினியும் மடிந்தது உண்மையே. ஆனால் சில நாட்களில் அது திரும்பிவந்தது, மீன்கள் திரும்பவில்லை. அடுத்த வாரங்களில் நீரில் கொசுப்புழுக்கள் துள்ளின. கொசு ஒழிப்புக்கு வந்த ஊழியர் டார்ச் விளக்கை அடித்து அவற்றை எனக்கே காட்டியபோது, எனக்குத் தலை நிமிரவில்லை. மாடியில் குழந்தைகள் உள்ள வீடுகள் நான்கு.

பூச்சி மருந்துகளில் பெரும்பாலும் சேரும் பைரித்திராய்டு வகை, மனிதரைக் காட்டிலும் மீனை மிக எளிதில் கொல்லும். சோப்புக் கரைசல் செவுள்களைக் கெடுக்கும். வேப்பெண்ணெயும் தொட்டி நீரில் கலந்தால் மீனுக்கு நல்லதன்று. மண்ணில் நிற்கும் ரோஜாவுக்கு மருந்தாவது, மீன் உள்ள நீருக்கு நஞ்சாகிறது. இந்நகரத்தில் அதை அற்பமாக எண்ண இயலாது. 1911இல் மருத்துவர் பென்ட்லி பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து, வீட்டுக் கிணறுகளே கொசுவின் பிறப்பிடம் என்று காட்டினார். டெங்குவைப் பரப்பும் கொசுவோ நம் தொட்டியைப் போன்ற தெளிந்த நீரையே விரும்பும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் போதும். ஆகவே பால்கனித் தொட்டியில் முதலில் காக்கப்பட வேண்டியது மீன், பிறகே செடி.

மருந்தின்றி ஒழிக்கும் வழி எளியது, பொறுமை மட்டும் வேண்டும். மிகவும் பீடித்த செடிகளைத் தயங்காது நீக்கிவிடுக. எஞ்சியவற்றை வேறொரு வாளியில் தலைகீழாக அமிழ்த்தி, இலைக்கு இலை கட்டைவிரலால் தேய்த்து அலசுக. வெறுமனே முக்கி எடுப்பது பயன் தராது. இப்பூச்சியின் உடலில் நீர் ஒட்டுவதில்லை, நீரின்மேல் நடக்கவும் வல்லது. அலசிய வாளி நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மண் தொட்டிச் செடிகளுக்கு விடலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை இவ்வாறு இரண்டு வாரம் செய்தால் புதுக்குஞ்சுகள் தாயாவதற்குள் அகப்படும். தப்பி நீரில் விழுபவற்றை மீன்கள் தின்றுவிடும். அதற்கு நீர்ப்பரப்பில் பாதியேனும் செடியின்றித் திறந்திருத்தல் வேண்டும்.

இலை சுவரையோ விளிம்பையோ தொடாதிருக்கட்டும். தொட்டால் எறும்பு ஏறிவரும். அசுவினி கசியும் இனிப்பு நீருக்காக அது அசுவினியைக் காவல் காக்கும், பொறிவண்டையும் விரட்டும். பொறிவண்டின் குஞ்சு கறுத்து, சின்னஞ்சிறு முதலைபோல் அவலட்சணமாக இருக்கும். அதைப் பகையென்று நசுக்கிவிடாதீர்கள். அது நாள் முழுதும் அசுவினியைத் தின்னும். எருவும் யூரியாவும் மிகுதியாக இடுவதால் இலை இளகி, பூச்சிக்கு விருந்தாகிறது.

நீக்கிய செடிகளை நாலாவில் எறிவது பெருந்தவறு. ஆகாயத்தாமரை எந்த நன்னீரிலும் பரவி மூடும். நம் வீட்டருகே உள்ள தாணே கடற்கழி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஆகவே செடிகளை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, பூந்தொட்டி மண்ணில் புதைக்கலாம். என் வீட்டில் அது கறிவேப்பிலைக்குப் போகிறது.