ஒப்பந்தமும் நடுவரும்

சென்னிமலை நெசவாளர் ஒருவர் நூறு போர்வைகள் நெய்து தர ஒப்புக்கொள்கிறார். நீளம், அகலம், நிறம், விலை யாவும் முன்பே பேசி முடிவாகின்றன. அணையோ சுரங்கப்பாதையோ கட்டுவது அத்தகைய வேலையன்று. மண்ணுக்கடியில் பாறை எங்கே இருக்கிறது, வெள்ளம் எப்போது பெருகும் என்பவற்றை ஒப்பந்தம் எழுதும் நாளில் எவரும் முற்றும் அறியார். ஆகவே, வேலை இன்னது என்று கூறுவதோடு கட்டுமான ஒப்பந்தம் நின்றுவிடலாகாது. பிணக்கு நேர்ந்தால் அதை யார், எவ்வாறு தீர்ப்பது என்பதையும் அது கூறியாக வேண்டும்.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. பெரியாற்று நீரைக் கிழக்கே மதுரைச் சீமைக்குத் திருப்புவதற்காகத் திருவாங்கூர் சமஸ்தானமும் ஆங்கில அரசும் 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டுக் காலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் என்பது பேச்சு. பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் நிறைவுற்றது. கருத்து வேறுபாடு எழுந்தால் அதை நடுவர்களிடம் விட வேண்டும், அவர்களும் மாறுபட்டால் தலைமை நடுவர் முடிவு செய்ய வேண்டும் என்ற விதியும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது.

நெடுங்காலம் உறங்கிக் கிடந்த அவ்விதிக்கு வேலை வந்தது. மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு விரும்பியது. பாசனத்துக்குக் கொடுத்த நீரை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்று திருவாங்கூர் மறுத்தது. நடுவர் இருவரும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. தலைமை நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, பாசனம் ஒன்றுக்கே உரிமை உண்டு என்று 1941இல் தீர்ப்பளித்தார். பேரரசின் பக்கபலம் பெற்ற சென்னையின் வாதம் தோற்றது; சமஸ்தானத்தின் வாதம் நின்றது. பின்னர் 1970இல் தமிழ்நாடும் கேரளமும் துணை ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலக் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணமும் வகுக்கப்பட்டது.

உலக அளவில் இத்துறை எவ்வாறு வளர்ந்தது என்பதை இனிக் காண்போம். பொறியியல் ஆலோசகர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பான 'பிடிக்' 1957இல் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. அம்முறையில் பிணக்கை முதலில் பொறியாளரே தீர்ப்பார்; அதில் நிறைவுறாதவர் நடுவர் மன்றத்தை நாடுவார். ஆனால் அப்பொறியாளருக்கு ஊதியம் தருபவர் கட்டடத்தின் உரிமையாளர். அவர் எங்ஙனம் நடுநிலை வகிப்பார் என்று ஒப்பந்தக்காரர்கள் வினவினர். ஆகவே 1999ஆம் ஆண்டு வெளியீட்டில், இரு தரப்பையும் சாராத ஒருவரோ மூவரோ கொண்ட பிணக்குத் தீர்ப்புக் குழு அவ்விடத்தைப் பெற்றது. 2017இல் அக்குழுவின் பெயரிலேயே 'தவிர்த்தல்' என்ற சொல்லும் சேர்ந்தது. பிணக்கு முற்றுமுன் தடுப்பதும் அதன் கடமையாயிற்று.

ஒரு நாட்டில் பெற்ற நடுவர் தீர்ப்பை மற்றொரு நாடு மதிக்காவிடில் பயனில்லை அல்லவா? அதற்கெனவே 1958இல் நியூயார்க் உடன்படிக்கை எழுந்தது. இந்தியா 1960இல் அதனை ஏற்றது. 170க்கு மேற்பட்ட நாடுகள் இன்று அதில் உள்ளன.

நடுவர் முறையிலும் இடர்கள் உண்டு. செலவு அவற்றுள் ஒன்று. சென்னை மெட்ரோ நிறுவனத்துக்கும், ரஷ்ய, இந்திய நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கும் இடையே நடந்த நடுவர் விசாரணையில், நடுவர்களின் கட்டணமே தனி வழக்காயிற்று. கட்டணம் பற்றிய கருத்து வேறுபாடு நடுவர்களை விலக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை பாலம் கட்டுவீர்கள், சிலர் வழக்குரைப்பீர்கள். பிணக்கால் வேலை நின்றால், கூலியாளின் அடுப்பும் உழவனின் வயலும் காத்துக் கிடக்கும். ஆதலின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், விலை எழுதிய பக்கத்தைப் படிப்பது போலவே, பிணக்குத் தீர்க்கும் விதியையும் ஊன்றிப் படியுங்கள்.