பூங்காத்து திரும்புமா (பாடல்)

'பூங்காத்து திரும்புமா' என்பது பாரதிராஜா இயக்கி 1985ஆம் ஆண்டு வெளிவந்த 'முதல் மரியாதை' திரைப்படத்தில் இடம்பெற்ற, நாட்டுப்புறச் சாயல் கொண்ட சோகப் பாடலாகும். வைரமுத்து இயற்றிய இப்பாடலுக்கு இளையராஜா இசையமைத்தார். மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் பாடியுள்ளனர்.

கதைச் சூழல்

மலைச்சாமி (சிவாஜி கணேசன்) ஊரார் மதிக்கும் பெரியவர். வேறொருவரால் கருவுற்றிருந்த மாமன் மகளை, மாமனின் மானம் காப்பதற்காக மணந்தவர். ஊர் அறிய அவர்கள் கணவன் மனைவி. வீட்டுக்குள் அந்த உறவு இல்லை. உண்மையைச் சொன்னால் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் மனச்சுமை குறையாது. இந்நிலையில், பிழைப்புத் தேடி வந்து பரிசல் ஓட்டும் குயில் (ராதா) என்னும் பெண்ணிடம் அவருக்குப் பரிவு கிடைக்கிறது. அவர் பாட்டில் கேட்கும் கேள்விகளுக்கு அவள் பாட்டிலேயே பதில் தருகிறாள். அவள் பெயரும் பாடலில் இருபொருள்பட வந்து அழகு சேர்க்கிறது.

ஈர்ப்புக்கான காரணங்கள்

'தேவதாஸ்' (1953) முதலாகத் திரையில் சோகம் என்றால் பெரும்பாலும் காதலில் தோற்ற இளைஞனின் புலம்பலே. இங்கு வருந்துபவர் வயது முதிர்ந்த குடும்பத் தலைவர். நம் நாட்டுப்புற வழக்கில் ஒப்பாரியும் தாலாட்டும் பெரும்பாலும் பெண்கள் பாடுபவை. ஊர்ப் பெரியவராக மதிக்கப்படும் ஆண் வாய்விட்டு அழ இடம் குறைவு. இப்பாடல் அந்த இடத்தைத் தருகிறது. ஊருக்கே நியாயம் சொல்லும் மனிதர், தலைசாய்க்க ஒரு தாய்மடி கிடைக்குமா என்று ஏங்குகிறார். கேட்போர் மனம் இளகுவது அங்கேதான்.

மொழியும் குரலும்

பாரதிராஜா, இளையராஜா, வைரமுத்து ஆகிய மூவரும் இன்றைய தேனி மாவட்டத்தில் பிறந்தவர்கள். பாடலின் பேச்சுவழக்கு இயல்பாக அமைந்ததில் வியப்பில்லை. பாடியவர்களோ வெளியூரார்: வாசுதேவன் மலேசியாவில் பிறந்தவர், ஜானகி ஆந்திரத்தில் பிறந்தவர். ஆயினும் இருவர் குரலிலும் கிராமத்து வாசனை மாறவில்லை. சிவாஜிக்குப் பல்லாண்டுகள் டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரலையே கேட்டுப் பழகியவர்களுக்கு, வாசுதேவனின் தழுதழுத்த குரல் அவரது இன்னொரு முகத்தைக் காட்டியது.

விருது

1985ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது. இப்படத்துக்காக வைரமுத்து சிறந்த பாடலாசிரியர் விருதைப் பெற்றார். அவர் பெற்ற முதல் தேசிய விருது இதுவே.